பொய்ப்பூச்சி

தாத்தாவின் சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு தீப்பெட்டி கிடக்கும். பீடி, சுருட்டுப் பழக்கம் அவருக்குக் கிடையாது, வெற்றிலையோடு சரி. வீட்டில் நெருப்புக்குச்சி தீர்ந்துபோனால் அப்பாயி பக்கத்துக் காம்பராவில் போய்க் கொள்ளிக்கட்டை வாங்கி வருவாளே தவிர, அந்தப் பெட்டியை மட்டும் கேட்கமாட்டாள். மழை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம், இஸ்தோப்பில் அவருடைய கம்பளிக்குள்ளேயே நானும் நுழைந்து உட்கார்ந்திருந்தபோது, அவராகவே அதை எடுத்து, நகத்தால் மெல்லத் தள்ளித் திறந்து என் மூக்குக்குக் கீழே நீட்டினார். உள்ளே பஞ்சு. பஞ்சின் மேல் ஒரு பூச்சி. ஊதிப் பார்த்தேன், பறக்கவில்லை. தொடப் போனேன், தாத்தா கையைத் தட்டிவிட்டார்.

"முள்ளு இருக்குடா. ஏறிருச்சின்னா எடுக்க ஏலாது. இது பொய்ப்பூச்சி."

பூச்சியின் கதைக்குப் போவதற்கு முன்னால் ஆற்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தோட்டம் அக்கரப்பத்தனைப் பக்கம். லயத்துக்குக் கீழே இரண்டு மலை தேயிலை, அதற்கும் பணிய மானாப்புல் மண்டிய ஒரு சரிவு, சரிவின் அடியில் ஆறு. ஆறு என்று நாங்கள்தான் சொல்வோம். கால்சட்டை நனையாமல் கல்லுக்குக் கல் தாவிக் கடந்துவிடலாம். ஹோட்டன் சமவெளிப் பக்கத்துக் காடுகளிலிருந்து இறங்குகிற ஆக்ரா ஓயாவில் போய் விழும் எத்தனையோ சின்ன நீரோட்டங்களில் அதுவும் ஒன்று. அது ஆக்ராவில், ஆக்ரா கொத்மலை ஓயாவில், கொத்மலை ஓயா மகாவலியில் என்று கை மாறிக் கை மாறிக் கடைசியில் திருகோணமலைக் கடலுக்குப் போகிறது என்று பள்ளிக்கூடத்து மாஸ்டர் வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டியபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கடலைப் பார்த்தேயிராத பிள்ளைகள் நாங்கள். அன்று மத்தியானமே ஆற்றங்கரைக்குப் போய், ஒரு தேயிலை இலையில் என் பெயரைக் குச்சியால் கீறி, கடலுக்கு அனுப்பினேன்.

சின்ன ஆறுதான், ஆனால் சத்தம் பெரியது. லயத்துக் காம்பராக்களின் நடுச்சுவர்கள் கூரைவரை எட்டாது; அதனால் ஒரு வீட்டு இருமல் ஆறு வீட்டுக்குக் கேட்கும், கைப்பிள்ளை சிணுங்கினால் எந்தப் பிள்ளை என்று படுத்தபடியே சொல்லிவிடலாம். அந்தச் சத்தமெல்லாம் ஒவ்வொன்றாக அடங்கிய பிறகு, அடியில் ஒரு பாய் விரித்த மாதிரி ஆற்றின் இரைச்சல் கிடக்கும். விடியப் பெரட்டுக்குத் தப்புச் சத்தம் கேட்கும்போது அது மறைந்துபோகும். அப்பாயி ரொட்டி தட்டுகிற சத்தம், ஈர விறகின் புகை, அம்மிக்கல்லில் தேங்காயும் கொச்சிக்காயும் நசுங்கும் வாசம், கொழுந்துக்குப் போகிற அம்மா இடுப்பில் படங்கை இழுத்துக் கட்டும் சரசரப்பு, காற்று திரும்பினால் ஸ்டோரிலிருந்து வந்து மூக்கில் ஏறுகிற தேயிலை வேகும் மணம். அந்த மணம் கோப்பைத் தேத்தண்ணியில் வராது. பச்சை இலையும் சூடும் ஒன்றையொன்று இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் மணம் அது. நாற்பது வருடம் கழித்தும் ஏதாவது ஒரு தேயிலைத் தொழிற்சாலையை பஸ் கடந்தால் என் கை தானாக ரொட்டியைத் தேடுகிறது.

ஆற்றில் எங்களுக்கு வேலை நிறைய. கல்லைப் புரட்டினால் நண்டு இருக்கும். இருமலுக்கு அப்பாயி அதை இடித்து மிளகு போட்டு ரசம் வைப்பாள். துண்டை இருவர் இரண்டு பக்கம் பிடித்து மணலோடு அள்ளினால் அயிரை கிடைக்கும். காலில் அட்டை ஏறும். அதற்குச் சவர்க்காரக் கட்டியைக் கையோடு கொண்டு போவோம். ஆனால் எங்கள் லயத்துக்கு நேர் கீழே, பெரிய பாறை ஒன்று குறுக்கே கிடந்து தண்ணீரைத் தேக்கி வைத்திருந்த கசத்துக்கு மட்டும் போகக் கூடாது என்பது கட்டளை. ஆழம் என்பதால் அல்ல. அங்கேதான் துரையின் மீன் இருந்தது.

துரை மீன் என்றுதான் லயத்தில் எல்லோரும் சொன்னார்கள். ட்ரவுட் என்ற பெயர் தாத்தா ஒருவருக்குத்தான் தெரியும். அவர் வாயில் அது 'டிரவுட்டு' ஆகிவிடும். தோட்டத்தில் தாத்தா கவ்வாத்துக்காரர். கத்தி பிடித்தால் செடி ஒரே மட்டமாக நிற்கும் என்று பெயர் எடுத்தவர். அந்தக் கை நிதானத்தைப் பார்த்துத்தானோ என்னவோ, லீவு நாள்களில் துரை மீன் பிடிக்கப் போகும்போது கூடை தூக்க இவரைக் கூப்பிட்டு அனுப்புவார். அன்றைக்குத் தாத்தா குளித்து, வெள்ளைத் துணியில் தலைப்பாகை கட்டி, திருநீறு பூசிக்கொண்டு கிளம்புவதைப் பார்த்தால் மாரியம்மன் கோயிலுக்குக் காவடி எடுக்கப் போகிறாரோ என்று இருக்கும். துரையோ தொடைவரைக்கும் ரப்பர் பூட்ஸ், பச்சைத் தொப்பி, தொப்பியின் விளிம்பு முழுக்கக் குத்தி வைத்த பொய்ப்பூச்சிகள். தூண்டில் கம்பு மூங்கில்தான், ஆனால் நாம் ஒடித்துச் செய்கிற மூங்கில் அல்ல. ஆறு பட்டையாகச் சீவி, பிசின் வைத்து ஒட்டி, பட்டு நூல் சுற்றி, வார்னிஷ் பூசி, துணி உறைக்குள் உறங்குவது. தாத்தா அதைக் கைப்பிள்ளையைப் போலத் தோளில் சாய்த்துக் கொண்டு போவார்.

நான் மானாப்புல்லுக்குள் குப்புறப் படுத்து அதையெல்லாம் பார்த்திருக்கிறேன். துரை கசத்தின் பின்பக்கமிருந்து, கூனிக் கூனி, பூனை மாதிரி வருவார். அவ்வளவு பெரிய மனிதர், தோட்டமே நடுங்குகிற மனிதர், ஒரு மீனுக்குப் பயந்து முழங்காலில் ஊர்ந்து வருகிறாரே என்று எனக்கு நெஞ்சு படபடக்கும். நூலைத் தலைக்கு மேலே முன்னும் பின்னும் வீசுவார். அது காற்றில் எட்டுப் போட்டு எட்டுப் போட்டு, கடைசியில் பொய்ப்பூச்சி தண்ணீர்மேல் உட்காரும்போது ஒரு பொட்டுச் சத்தம் இருக்காது. புழு வைத்துப் பிடிக்கிற பழக்கம் அங்கே கிடையாது, அது கேவலம். பூச்சி தண்ணீரில் மிதந்து பத்தடி வரும். சில நாள் ஒன்றும் நடக்காது. சில நாள் கசத்துக்குள்ளிருந்து ஒரு வெள்ளி முறுக்கு எழும்பும்.

"தலைய மேலாத்துப் பக்கம் வச்சுத்தான்டா நிக்கும்" என்று தாத்தா எனக்குச் சொல்லித் தந்தார். "வர்ற தண்ணியில என்ன வருதுன்னு பாத்துக்கிட்டே நிக்கும். அதனால நீ பின்னால இருந்து போகணும். நெழல் தண்ணியில விழக்கூடாது. காலைத் தட்டி வைக்கக்கூடாது, கரை அதிர்ந்தா அதுக்குக் காதுல விழும்." மீனுக்குக் காது உண்டா என்று கேட்டேன். "உடம்பெல்லாம் காது" என்றார். மீனின் விலாவில் ஓடுகிற கோடு அதிர்வை அறியும் உறுப்பு என்பதைப் பல காலம் கழித்துப் படித்தபோது, இஸ்தோப்பில் இருந்து சொன்ன அந்த வார்த்தை அப்படியே காதில் விழுந்தது. கவ்வாத்துக் கத்தியைத் தவிர வேறு பாடம் படிக்காத மனிதர், துரைக்குப் பின்னால் கூடையோடு நின்று நின்றே அத்தனையும் கற்றிருந்தார். மீன் எங்கே நிற்கும் என்று துரைக்குக் கண்ணால் காட்டியதும் அவர்தான். இதை அவர் சொல்லவில்லை, நான் புல்லுக்குள்ளிருந்து பார்த்தது.

இந்த மீன் எப்படி நம் மலைக்கு வந்தது என்பதை வளர்ந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் இங்கே வந்து பார்த்தபோது, குளிர் இருந்தது, கல்லில் மோதி நுரைக்கிற தெளிந்த தண்ணீர் இருந்தது, அவர்கள் ஊர் ஆற்றின் சாயல் இருந்தது. மீன் மட்டும் இல்லை. 1882-இல் சீமையிலிருந்து பழுப்பு ட்ரவுட்டின் முட்டைகளைக் கப்பலில் ஐஸுக்குள் வைத்துக் கொண்டுவந்தார்கள். அப்போது நானுஓயாவுக்கு ரயில்கூட வந்திருக்கவில்லை, 1885-இல்தான் வந்தது. ஐஸ் கரைவதற்குள், முட்டை சாவதற்குள், மாட்டு வண்டிப் பாதையில் நுவரெலியா வரை ஏற்றியிருக்கிறார்கள் என்றால் எவ்வளவு ஏக்கம் இருந்திருக்க வேண்டும்! பழுப்பு ட்ரவுட் இங்கே வேர்பிடிக்கவில்லை. அடுத்துக் கொண்டுவந்த வானவில் ட்ரவுட், வட அமெரிக்காவின் பசிபிக் கரை ஆறுகளைச் சேர்ந்தது, அதுதான் நம் ஓடைகளின் கூழாங்கல்லில் முட்டையிட்டுத் தானாகப் பெருகியது. 1896-இல் இலங்கை மீன்பிடிக் கழகம் என்று ஒன்றை அமைத்தார்கள். நுவரெலியாவில் குஞ்சு பொரிக்க வைத்து, ஹோட்டன் சமவெளி, அம்பேவெல, ஆக்ரா, நானுஓயா என்று மலையெங்கும் ஓடைகளில் விட்டார்கள். கழகத்தில் உள்ளவர்களுக்கும் அவர்கள் அனுமதித்தவர்களுக்கும்தான் தூண்டில். லயத்துப் பிள்ளைகள் அந்த அனுமதிக்குள் வருகிறவர்கள் அல்ல.

தாத்தாவுக்கு ஆண்டுக் கணக்கெல்லாம் தெரியாது. அவருக்குத் தெரிந்ததை அவர் பாணியில் சொல்வார். "எங்க தாத்தா மன்னாருல எறங்கி, காட்டுவழியா மாத்தளைக்கி நடந்து வந்தாரு. கூட வந்ததுல பாதிப்பேரு வழியில காச்ச கண்டு செத்துட்டாங்க. இந்த மீன் அய்யா ஐஸ் பெட்டியில குந்திக்கிட்டு வந்தாரு." சொல்லிவிட்டுச் சிரிக்கமாட்டார். மீன்மேல் அவருக்குக் கோபம் இருந்ததாகவும் எனக்கு நினைவில்லை. கசத்தருகே போனால் குரலைத் தாழ்த்திக்கொள்வார், அவ்வளவுதான்.

தீப்பெட்டிக்குள் இருந்த பொய்ப்பூச்சி, துரை கொடுத்ததா, தொப்பியிலிருந்து உதிர்ந்து புல்லில் கிடந்ததை எடுத்ததா என்று நான் கேட்டதில்லை. கறுப்பு முள், அதன் தண்டில் கம்பளி நூல், அதன்மேல் வெள்ளி இழைச் சுற்று, இரண்டு பக்கமும் விரலின் நகத்தைவிடச் சின்ன இறகு. அந்த இறகைத்தான் சொல்ல வேண்டும். கறுத்த இறகில் மெழுகைச் சொட்டுவிட்டுக் காயவைத்த மாதிரி, வெளுத்த மஞ்சளாக ஒரு பொட்டு மினுங்கும். தாத்தா சிமினி விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டுவார். எந்தப் பறவையின் இறகு என்றால் உதட்டைப் பிதுக்குவார். "நம்ம காட்டுச் சாவல்ல இப்பிடிக் கெடையாது" என்பார்.

என் கூட்டாளி, அத்தை மகன், எனக்கு மச்சான் முறை, இரண்டு வயது மூத்தவன். ஆற்றில் எதைச் செய்தாலும் அவன் முன்னால், நான் பின்னால். 1973, 74 வாக்கில் தோட்டங்களில் வந்த பஞ்சத்தை அந்த வயதில் நாங்கள் பஞ்சம் என்று அறியவில்லை. கூப்பனுக்குக் கிடைக்கிற மா குறைந்தது. ரொட்டி சிறுத்தது, பிறகு ஒருவேளை ஆனது. அப்பாயி தனக்கு வயிறு சரியில்லை என்று அடிக்கடி சொன்னாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைந்தார்கள். மேல் லயத்தில் அடுத்தடுத்து மூன்று சாவு விழுந்தது. கீரை, கிழங்கு, ஆற்று நண்டு எல்லாம் ஓய்ந்த ஒரு மத்தியானம், மச்சான் என்னைப் பார்த்து, "டேய், கசத்துக்குப் போவமா?" என்றான்.

தை மாதக் குளிர். விடிகாலையில் பனி கொட்டிப் புல்லெல்லாம் வெளுத்திருக்கும் காலம். தண்ணீரில் கால் வைத்தால் எலும்பு வலிக்கும். தூண்டில் கிடையாது, வலை கிடையாது. பாறைக்கு அடியில் தண்ணீர் அரித்த ஒரு பொந்து இருந்தது. மச்சான் சட்டையைக் கழற்றிவிட்டு இடுப்பளவு இறங்கி, கன்னம் தண்ணீரில் படும்வரை குனிந்து, கையை உள்ளே விட்டான். நான் கரையில் உட்கார்ந்து அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நெடுநேரம். உதடு நீலம் பாரித்தது. திடீரென்று கண் மட்டும் பெரிதானது. அசையாமல், மூச்சுக்குள் பேசினான்: "இருக்குடா. வயித்துல கை வச்சிருக்கேன். நீயும் தொடு."

இறங்கினேன். அவன் முழங்கையைத் தடவிக்கொண்டே போய், மணிக்கட்டைத் தாண்டி, விரலைத் தாண்டி, தொட்டேன். செதில் இருப்பதே தெரியவில்லை. வழுவழுவென்று, தண்ணீரைவிடக் குளிர்ந்து, உள்ளே ஏதோ ஒன்று மெல்லத் துடித்துக்கொண்டிருந்த ஒரு சதை. ஓடவில்லை. அடிவயிற்றைத் தடவத் தடவ அது எங்கள் கையிலேயே சாய்ந்து நின்றது. வெள்ளைக்காரக் கிராமங்களிலும் ஏழைப் பிள்ளைகள் இப்படித்தான் துரைமாரின் ஆற்றில் ட்ரவுட்டைக் கூச்சம் காட்டிப் பிடிப்பார்களாம். எங்களுக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை. மச்சானின் விரல்கள் மெதுவாக முன்னே நகர்ந்து செவுளுக்குப் போயின. பிறகு ஒரே இழுப்பு.

கரையில் விழுந்து துள்ளியபோதுதான் முழுதாகப் பார்த்தேன். முழங்கை நீளம். முதுகு பாசிப் பச்சை, உடம்பெல்லாம் மிளகு தூவிய புள்ளி, செவுளிலிருந்து வால்வரை மங்கிய ரோஜா நிறத்தில் ஒரு பட்டை. துள்ளல் நிற்க நிற்க அந்த நிறமும் வடிந்துபோனது. படங்குச் சாக்கில் சுற்றி, மேலே புல்லைப் போட்டு, மாட்டுக்குப் புல் அறுத்து வருகிற மாதிரி தலையில் வைத்துக் கொண்டுவந்தோம். அப்பாயி கதவைச் சாத்தினாள். நெஞ்சில் அடித்துக்கொண்டாள், ஏசினாள், ஏசிக்கொண்டே கத்தியைத் தேடினாள். வயிற்றைக் கீறியதும் அவள் கை நின்றுவிட்டது. உள்ளே பச்சைப்பயறு அளவில், செம்மஞ்சள் மணி மணியாக, இரண்டு கை கொள்ளாத முட்டை. மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் அந்த இருட்டுக் காம்பராவே சிவந்த மாதிரி இருந்தது.

அந்நேரம் பார்த்துத்தான் தாத்தா வேலை முடிந்து வந்தார். எட்டிப் பார்த்தார். அடிப்பார் என்று நான் மூலைக்கு ஒதுங்கினேன். அவர் தலைப்பாகையை அவிழ்த்தார், திரும்பக் கட்டினார். "முட்டைக்காரியடா" என்றார். வேறொன்றும் சொல்லாமல் இஸ்தோப்பில் போய் உட்கார்ந்துகொண்டார். குளிர் மாதங்களில் பெண்மீன் ஓடையின் மேலே ஏறிப் போய், வாலால் கூழாங்கல்லைத் தோண்டிக் குழி பறித்து முட்டையிடும். இன்னும் சில நாள் விட்டிருந்தால் அது போயிருக்கும். இதை அவர் பின்னால், வேறு ஒருநாள், என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

கொறுக்காய் போட்டு அப்பாயி குழம்பு வைத்தாள். புகை வெளியே போகாமல், வாசம் பக்கத்துக் காம்பராவுக்குப் போகாமல் என்று பட்ட பாடு கொஞ்சமல்ல. நடுச்சுவருக்கு மேலேயிருந்து, "என்னாக்கா, கருவாடா?" என்று குரல் வந்தபோது, "ஆமா, வெத்துக் கருவாடு" என்றாள். ஒரு கிண்ணம் போய்ச் சேர்ந்தது என்றும் நினைக்கிறேன். யாரும் காட்டிக் கொடுக்கவில்லை. ருசி? உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஏமாற்றமாக இருந்தது. மெத்தென்று, இளஞ்சிவப்பாக, மீன் வாடையே இல்லாமல் இருந்தது. தலவாக்கலைக் கடையில் வாங்குகிற சாளைக் கருவாட்டுக்குப் பக்கத்தில் நிற்காது. எங்களுக்குத் திருநாள் மீன் என்றால் டின் மீன்தான். அதைச் 'சமன்' என்போம், சால்மன் என்ற பெயர் தேய்ந்து வந்தது. டின்னுக்குள் இருந்ததோ சால்மனே அல்ல, வேறொரு கடல்மீன். 1989-இல் உயிரியலார் வானவில் ட்ரவுட்டைப் பசிபிக் சால்மன்களின் பேரினத்தோடு சேர்த்தார்கள் என்று படித்தபோது அந்த இரவு நினைவுக்கு வந்தது. சால்மனுக்கு உண்மையான சொந்தக்காரி எங்கள் சட்டியில் வந்தாள். நாங்கள் அவளை அடையாளம் காணவில்லை. தாத்தா அன்று வெறும் ரொட்டி தின்றார்.

பஞ்சம் தணிந்தது. 1975-இல் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது, துரை கப்பலேறினார். மச்சான் வீட்டுக்கும் கப்பல் கடிதம் வந்தது. 1964-இல் இரண்டு பிரதமர்கள் டில்லியில் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில், 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று எங்களைப் பங்கிட்டிருந்தார்கள். அத்தை வீடு அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். தலவாக்கலை ஸ்டேஷனில் கோச்சி வந்து நின்றபோது எழுந்த ஓலத்தை நான் எழுதப்போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன்: ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டிருந்த மச்சானிடம் தாத்தா போய், சட்டைப் பையில் கைவிட்டு, தீப்பெட்டியை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்து மூடினார். எனக்கு அழுகை நின்று ஆத்திரம் வந்தது. அது எனக்கு வர வேண்டியது என்று அத்தனை நாளும் நினைத்திருந்தேன். அவனுக்கு ஆறு இல்லாமல் போகிறது, எனக்கு இருக்கிறது என்று தாத்தா கணக்குப் போட்டிருப்பார் என்பது புரிய எனக்கு முப்பது வயது ஆக வேண்டியிருந்தது.

தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம், அங்கிருந்து நீலகிரி. தாயகம் திரும்பியவர்களுக்கென்று தமிழ்நாடு அரசு போட்ட தேயிலைத் தோட்டத்தில், குன்னூர்ப் பக்கம், மறுபடியும் அதே கொழுந்து, அதே லயம். பல வருடம் கழித்து ஒருமுறை போனேன். தலை நரைத்த மச்சான் என்னை பஸ்ஸில் ஏற்றி அவலாஞ்சிக்குக் கூட்டிப் போனான். அங்கே மீன்வளத் துறையின் பொரிப்பகத் தொட்டிகளில், குளிர்ந்த தண்ணீரில், தலையை நீரோட்டத்துப் பக்கம் வைத்துக்கொண்டு நூறு நூறாக நிற்கிறது நம் மீன். 1907-ஐ ஒட்டி அந்தப் பொரிப்பகத்தைத் தொடங்கிய ஹெச்.சி. வில்சன் ஜெர்மனி, நியூசிலாந்து ஆகிய நாடுகளிலிருந்து மட்டுமல்ல, இலங்கையிலிருந்தும் ட்ரவுட் தருவித்து நீலகிரி ஓடைகளில் விட்டவர். மச்சானுக்கும் முன்னாலேயே அது கடல் தாண்டி வந்து அவனுக்காக அங்கே காத்திருந்தது என்று நினைத்துக்கொண்டேன்; வாய்விட்டுச் சொல்லவில்லை.

அவன் தீப்பெட்டியை எடுத்துக் காட்டினான். பெட்டி மூன்றோ நான்கோ மாறியிருக்கும். கம்பளி நூலை அந்து அரித்திருந்தது, முள் துருவேறியிருந்தது. இறகு மட்டும் மெழுகுப் பொட்டோடு அப்படியே மினுங்கியது. "இந்தச் சாவல் இங்கதான்டா இருக்கு. விடிய எங்க லயத்துக்குப் பின்னால கத்தும்" என்றான். மறுநாள் காலையில் தேயிலைக்குள் காட்டினான். தென்னிந்தியக் காடுகளின் சாம்பல் நிறக் காட்டுச்சேவல். அதன் கழுத்து இறகுக்குத்தான் அந்த மெழுகுப் பொட்டு உண்டு. சீமைத் தூண்டில்காரர்கள் அதற்காகவே இந்த இறகை வாங்கிக் குவித்திருக்கிறார்கள். இலங்கைக் காட்டுச்சேவலுக்கு அது கிடையாது. தாத்தா சொன்னது சரி.

போன வருடம் எங்கள் கசத்தைப் பார்க்கப் போனேன். மானாப்புல் சரிவு முழுக்க இப்போது கரட், லீக்ஸ், கிழங்கு. பச்சைப் பாத்திகள் ஆற்றின் விளிம்புவரை இறங்கிவிட்டன. பாறை அங்கேதான் இருக்கிறது. பொந்து சேற்றில் மூடிவிட்டது. தண்ணீர் பால்தேத்தண்ணி நிறம். ட்ரவுட்டுக்குக் குளிர்ந்த, தெளிந்த, காற்று கலந்த தண்ணீர் வேண்டும். முட்டையிட மண் மூடாத கூழாங்கல் வேண்டும். 1988-இல் தேசியப் பூங்காவான ஹோட்டன் சமவெளியின் ஓடைகளில் அது இன்னும் இருக்கிறது. வெளியிலிருந்து வந்த மீன், அங்கே ஆதியிலிருந்தே இருந்த சின்ன இறாலைத் தின்கிறது என்ற குற்றச்சாட்டு நியாயமானது. அதைக் கொண்டுவந்து விட்டிருக்கக் கூடாது என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் எங்கள் ஆற்றில் இப்போது அந்த மீனும் இல்லை, நண்டும் இல்லை, அயிரையும் இல்லை.

பாறைமேல் ஒரு பையன், பதினாறு பதினேழு வயதிருக்கும், மருந்தடிக்கிற டாங்கியைத் தண்ணீரில் முக்கிக் கழுவிக்கொண்டிருந்தான். வெள்ளையாக ஒரு கோடு கீழாற்றுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அதைக் கரையில் பாத்திக்குள் கழுவி ஊற்றச் சொல்லிக் கேட்டேன். மரியாதையான பிள்ளை, சட்டென்று டாங்கியைத் தூக்கிக்கொண்டான். பிறகு, புரியாமல் கேட்டான்: "ஏன் தாத்தா? இந்த ஆத்துல மீன் ஒண்ணும் கெடையாதே?"

இருந்தது தம்பி. நீ நிற்கிற பாறைக்கு அடியில்தான். நான் தொட்டிருக்கிறேன்.